கோதுமை ஆகாதவர் முடிக்குச் சாயம் பூசலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 52 வயது. சீலியாக் நோய் இருப்பதாக இரண்டு ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து கோதுமை, மைதா, ரவை எதையும் நான் தொடுவதில்லை. வருகிற தை மாதம் மகளுக்குக் கல்யாணம். டை அடித்துக்கொள்ளலாம் என்று ஐந்து ரோடு பக்கம் ஒரு பியூட்டி பார்லருக்குப் போனேன். அங்கிருந்த பெண் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் கோதுமைப் புரதம் இருக்கிறது, உங்களுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். மண்டைத்தோல் வழியாக அது வயிற்றுக்குள் இறங்கிவிடும் என்று என் நாத்தனாரும் பயமுறுத்துகிறார். போன வருடம் பாக்கெட் டை பவுடர் கரைத்துப் போட்டபோது, மூன்றாம் நாள் காதோரம் அரித்து, வீங்கி, நீர் வடிந்தது. அதுவும் குளூட்டன் என்கிற அந்தக் கோதுமைப் புரதத்தால் வந்ததுதானா? நான் எதை வாங்குவது?
— வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: சகோதரி, நீங்கள் இரண்டு பயங்களை ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். டப்பாவில் இருக்கும் கோதுமைப் புரதம் உங்கள் தலைமுடியில் படுவதால் சீலியாக் நோய் கிளம்பாது. ஆனால், போன வருடம் காதோரம் நீர் வடிந்தது எனக்குக் கவலை தருகிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் கோதுமையாக இராது. தோல் மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை எந்தக் கருப்பு டையும் தலையில் வைக்காதீர்கள்.

முதலில் கோதுமை விஷயம். கோதுமை, பார்லி, கம்பு ஆகியவற்றிலுள்ள ஒருவகைப் புரதத்தைத்தான் குளூட்டன் என்கிறோம். இங்கே கம்பு என்று நான் சொல்வது ரை எனப்படும் மேல்நாட்டுத் தானியத்தை. நம் ஊர்க் கம்பங்கூழுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதால் பலர் வீணாகக் கம்பங்கூழை விட்டுவிடுகிறார்கள். இந்தப் புரதம் முழுமையாகச் செரிக்காமல் சிறுகுடலுக்குப் போய்ச் சேரும்போது, சீலியாக் உள்ளவர்களின் நோய் எதிர்ப்பு மண்டலம் அதைப் பகையாகக் கருதி, குடலின் உட்சுவரில் இருக்கும் நுண்ணிய விரல் போன்ற உறிஞ்சிகளையே அழிக்கத் தொடங்குகிறது. ஆகவே இந்த நோய்க்கு வாசல் வாய்தான். குளூட்டன் உருவில் பெரிய மூலக்கூறு. காயமில்லாத தோலைத் துளைத்து இரத்தத்தில் கலந்து குடலைத் தாக்கும் அளவுக்கு அது உள்ளே போவதில்லை. டையோடு வரும் கண்டிஷனரில் கோதுமைப் புரதத்தைச் சேர்ப்பதும், அது முடியின் மேல் படிந்து வழவழப்பைக் கொடுக்கும் என்பதற்காகவே.

வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. இதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். கண்டிஷனரை விரலால் தேய்த்துவிட்டுக் கையை மேலோட்டமாக அலசிக்கொண்டு சோற்றில் கை வைத்தால், நக இடுக்கில் நின்றது கவளத்தோடு உள்ளே போகும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முடியை அலசும்போது தலையைப் பின்னால் சாய்த்து வாயை மூடிக்கொள்ளுங்கள், பிறகு சோப்பும் நகத் தூரிகையும் கொண்டு கையைக் கழுவுங்கள். இன்னும் கூடுதலாக நிம்மதி வேண்டுமென்றால், கோதுமையே சேராத டப்பாவைத் தேர்ந்தெடுத்துவிடலாம். மூலப்பொருள் பட்டியலில் 'ஹைட்ரலைஸ்டு வீட் புரோட்டீன்', 'வீட் ஜெர்ம் ஆயில்' என்று இருக்கும். அல்லது தாவரப் பெயராக 'ட்ரிட்டிகம்' என்று கோதுமையையும் 'ஹோர்டியம்' என்று பார்லியையும் 'செகாலே' என்று ரையையும் எழுதியிருப்பார்கள். எழுத்து எறும்பு போல் இருக்கும். பூதக்கண்ணாடியைக் கொண்டு போங்கள். டப்பாவில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட்டிருந்தால் அதற்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்ற வரம்பு உணவுப் பொருள்களுக்கான விதி. தலைச்சாயத்தை அது கட்டுப்படுத்தாது.

கல்யாணத்தன்று நீங்கள் யோசிக்க வேண்டியது லிப்ஸ்டிக்கைப் பற்றித்தான். தலையில் பூசியது தலையிலேயே நிற்கும், உதட்டில் பூசியது சாப்பாட்டோடும் காபியோடும் உள்ளே போகும். அதன் மூலப்பொருள் பட்டியலைத்தான் இருமுறை படிக்க வேண்டும்.

ஒரு விலக்கையும் சொல்லிவிட வேண்டும். சீலியாக் வேறு, கோதுமை அலர்ஜி வேறு. ஜப்பானில் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சிதைத்த கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்திய 2000-க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை அலர்ஜி உண்டானது. முகத்தில் தினமும் தேய்த்ததால் தோல் அந்தப் புரதத்தைப் பகையாகப் பழகிக்கொண்டு, பிறகு ரொட்டி சாப்பிட்டபோதும் உடம்பு தடித்தது. இது உடனடி அலர்ஜி வகை. குடலைத் தாக்கும் சீலியாக் அல்ல. கோதுமை பட்ட சில நிமிடங்களில் உடம்பில் தடிப்போ மூச்சுத் திணறலோ உங்களுக்கு எப்போதாவது வந்திருந்தால் மட்டும், தலையில் படும் பொருளிலும் கோதுமையை விலக்குங்கள்.

இனி உங்கள் காதோரத்திற்கு வருவோம். கருப்பு டைகளில் பெரும்பாலானவற்றில் பாரா ஃபினைலின் டயமின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள். முடிக்குள் இறங்கி, ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து கறுப்பாக மாறி நிலைத்துவிடுவதால்தான் அந்த நிறம் கழுவினாலும் போவதில்லை. தோல் அலர்ஜி உண்டாக்குவதில் பேர் போன பொருள் இது. அந்த அலர்ஜி உடனே காட்டாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் அரிப்பும் வீக்கமும் நீர்வடிதலுமாக வெளிப்படும்; மயிர்க்கோட்டிலும் காதின் மேற்பகுதியிலும் கழுத்திலும்தான் முதலில் தெரியும். நீங்கள் எழுதியிருக்கும் 'மூன்றாம் நாள்', 'காதோரம்' என்ற இரண்டு சொற்களும் அதையே சுட்டுகின்றன. பத்து ஆண்டுகள் ஒன்றும் செய்யாமல் இருந்த டை பதினோராவது ஆண்டு செய்யலாம். ஒருமுறை பழகிவிட்ட அலர்ஜி அடுத்த முறை இன்னும் கடுமையாக வரலாம், முகமும் கண்ணிமையும் மூடிக்கொள்ளும் அளவுக்கு வீங்கியவர்களை மருந்துக்கடையில் நான் நின்ற காலத்தில் நேரில் பார்த்திருக்கிறேன். 'அமோனியா இல்லை' என்ற வாசகத்தைக் கண்டு ஏமாற வேண்டாம். அமோனியாவை எடுத்துவிட்டாலும் பி.பி.டி. அப்படியே இருக்கலாம், அல்லது அதன் உறவுப் பொருளான டொலுவீன் டயமின் இருக்கலாம், பி.பி.டி. ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு அதுவும் ஒத்துக்கொள்வதில்லை.

தோல் மருத்துவரிடம் போய் 'பேட்ச் டெஸ்ட்' செய்துகொள்ளுங்கள். முதுகில் சிறு சிறு ஒட்டுத்துண்டுகளாக வைத்து, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, மறுபடியும் ஒருமுறை பார்ப்பார்கள். ஆகவே கல்யாண வாரத்தில் போய் நிற்காமல் இப்போதே தொடங்குங்கள். சாதாரண டைப் பெட்டிகளில்கூட, அரிப்பு வரலாம், முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், புருவத்துக்கும் இமைக்கும் பூசக் கூடாது, பார்வை போய்விடக்கூடும் என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டும் என்று நம் நாட்டு விதி சொல்கிறது. எத்தனை பேர் அதைப் படிக்கிறோம்?

மருத்துவரிடம் இன்னொன்றையும் கேளுங்கள். சீலியாக் நோய்க்கே உரிய ஒரு தோல் வியாதி உண்டு. முழங்கை, முழங்கால், பிட்டம், சில சமயம் மண்டைத்தோல் ஆகிய இடங்களில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் கிளம்பித் தாங்க முடியாமல் அரிக்கும். டெர்மடைடிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்பது அதன் பெயர். அதற்கும் சாப்பிட்ட குளூட்டன்தான் காரணம், பூசிய குளூட்டன் அல்ல. டை போடாத மாதங்களிலும் உங்களுக்கு இப்படி அரிப்பு வந்து போகிறது என்றால், பழியை டையின் மேல் போட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். கொப்புளத்தை ஒட்டியுள்ள தோலில் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும்.

அப்படித் தெரிந்தால், தெரியாமல் எங்கோ குளூட்டன் உள்ளே போகிறது என்று பொருள். கூட்டுப் பெருங்காயத்தின் டப்பாவைப் பாருங்கள். பலவற்றில் மைதா கலந்திருக்கும், அது தினமும் உங்கள் சாம்பாரிலும் ரசத்திலும் விழுகிறது. என் தங்கைக்கும் இதே நோய்தான். கேழ்வரகை மட்டுமே சாப்பிட்டும் அவளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. ஒருநாள் நானே மாவு மில்லுக்குப் போய் நின்று பார்த்தபோது, முந்தைய ஆளின் கோதுமை மாவு எந்திரத்தின் வாயில் வெள்ளையாக ஒட்டியிருக்க, அதன் மேலேயே எங்கள் கேழ்வரகு கொட்டப்பட்டது. அன்றிலிருந்து வீட்டிலேயே அரைக்கிறோம். கல்யாணப் பாயசத்தையும் சமையல் மாஸ்டரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்: நம் சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்கில் செய்வது, உங்களுக்கு அது தடையில்லை, ஆனால் கூடவே ஒரு கை சேமியாவைப் போடும் வழக்கம் இருக்கிறது, அது கோதுமை.

கேள்வி: எனக்கும் கோதுமை ஆகாது. ஏற்காட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மருதாணி நிற்கிறது. அவுரிப் பொடி கடையில் வாங்குவேன். இவை இரண்டும் பாதுகாப்பானவையா? சுற்றுலாக் கடைகளில் 'மூலிகைக் கருப்பு மருதாணி' என்று ஒன்று விற்கிறார்கள், அரை மணியில் கறுக்குமாம்.
— வாசகி, ஏற்காடு

பதில்: மருதாணியிலும் அவுரியிலும் குளூட்டன் கிடையாது. பொடி அரைத்த மில்லில் கோதுமை அரைத்திருந்தாலும், அது தலைக்குத்தானே போகிறது, கவலை வேண்டாம். முன் பதிலில் சொன்ன கை கழுவும் ஒழுங்கு போதும்.

அந்த அரை மணிக் கருப்புதான் ஆபத்து. மருதாணியில் இருக்கும் லாசோன் என்ற நிறமி செம்மண் நிறத்தைத்தான் தரும், கறுப்பைத் தராது. மருதாணி கறுப்பாக, அதுவும் அவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறது என்றால், அதில் பி.பி.டி. கலந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீடுகளில் கையில் வைக்கும் கருப்புக் கோன்களுக்கும் இது பொருந்தும். அதைச் சின்னப் பிள்ளைகள் கையில் வைத்துப் பழக்கினால், அவர்கள் பெரியவர்களாகி முதல் முறை டை போட்டாலே முகம் வீங்கக்கூடும். மூலிகை என்ற ஒரு சொல்லைப் பார்த்து வாங்காதீர்கள்.

நீங்கள் செய்யும் முறையே நல்லது, ஆனால் பொறுமை வேண்டும். மருதாணி இலையை அரைத்தோ பொடியைக் கரைத்தோ ஒரு இரவு ஊற வைத்து, முடியில் சில மணி நேரம் வைத்து அலசிவிடுங்கள். முடி காய்ந்த பிறகு அவுரிப் பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்து, கால் மணிக்குள் பூசத் தொடங்குங்கள். அதை முன்னாலேயே கரைத்து வைத்தால் நிறம் வீணாகும். குழைத்த பச்சை, கண்ணெதிரே மேற்புறத்தில் நீலம் பாயத் தொடங்குவதைப் பார்க்கலாம், அதுதான் சரியான நேரம். அலசியதும் பச்சையாகத் தெரிந்தாலும் பயப்படாதீர்கள், ஓரிரு நாளில் அடர்ந்து கறுக்கும். அவுரியும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முதல் முறை முழங்கையின் உட்பக்கத்தில் சிறிது தடவி 48 மணி நேரம் பாருங்கள்.

ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு மருதாணி இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். குழந்தைகளுக்கு அது பெரும் ஆபத்து. மேலே சொன்ன கொப்புள வியாதிக்கு டாப்சோன் என்ற மாத்திரை கொடுக்கும் முன் இந்த நொதியைச் சோதிப்பது வழக்கம் என்பதால், உங்கள் பழைய ரிப்போர்ட்டுகளில் அது இருக்கலாம், எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: நான் பியூட்டி பார்லரில் வேலை செய்கிறேன். சீலியாக் இருப்பது போன மாதம்தான் தெரிந்தது. நாள் முழுவதும் டையும் கிரீமும் கையாள்வதால் வேலையை விட வேண்டுமா?
— வாசகி, ஆத்தூர்

பதில்: வேண்டாம் அம்மா. கிரீம் கையில் பட்டு உங்களுக்கு ஒன்றும் ஆகாது. காற்றில் பறக்கும் தூள்தான் கவனிக்க வேண்டியது. கோதுமை மாவோ, கோதுமை கலப்புள்ள ஓட்ஸோ சேர்ந்த முகப்பூச்சைக் கொட்டிக் கலக்கும்போது, மூக்கில் ஏறியது தொண்டை வழியாக வயிற்றுக்குத்தான் போகும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, முதலில் தண்ணீரை ஊற்றி அதில் தூளை மெல்லச் சேருங்கள். முடியை வெளுக்கும் பிளீச் பவுடருக்கும் இதே கவனம் வேண்டும். அதிலுள்ள பெர்சல்ஃபேட் உப்புகள் பார்லர்காரர்களுக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவருவது தெரிந்த விஷயம். கையுறையோடு டீ டம்ளரை எடுக்காதீர்கள். சாப்பாட்டு டப்பாவை, டை கலக்கும் மேஜையிலிருந்து எடுத்து உங்கள் பைக்குள் வைத்துவிடுங்கள்.