அண்டை ரவுட்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கலாம்?

கேள்வி: எங்களோடு பிஜிபி (நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழித்தகவல் பரிமாறும் நெறிமுறை) வழியே இணையும் வெளி நெட்வொர்க்கின் ரவுட்டர் நேரடிக் கேபிளில்தான் இருக்கிறது. தொலைவிலிருந்து பிறர் அதன் முகவரியில் பொய்ப் பாக்கெட் அனுப்புவதை எப்படித் தடுப்பது?

பதில்: பாக்கெட் இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்று சொல்லும் டிடிஎல் எண்ணின் உச்ச மதிப்பு 255; கடக்கும் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். வெளி பிஜிபி வழக்கமாக 1 என்று இட்டு அனுப்புவதையே பாதுகாப்பாகப் பலர் நம்புகிறார்கள். ஆனால் பத்து ரவுட்டர்களுக்கு அப்பாலிருப்பவர் 11 என்று இட்டால், அது உங்களிடம் 1 ஆகவே வந்து சேரும். 2007-இல் வெளியான ஆர்எஃப்சி 5082 என்னும் இணையத் தரநிலை ஆவணம் கூறும் முறையில் இருவரும் 255 இட்டு அனுப்பி, அதற்குக் குறைந்து வருவதை நிராகரிக்கிறீர்கள். தொலைவிலிருப்பவர் எப்படி முயன்றாலும் அந்த எண்ணோடு வந்து சேர முடியாது. இடையில் இரண்டு ரவுட்டர்கள் இருந்தால் மட்டும் வரம்பை 253 ஆக்குங்கள். அண்டை நெட்வொர்க்காரரிடம் முதலில் பேசிவிடுங்கள். அவர் இன்னமும் 1 என்றே அனுப்பினால் இணைப்பு அறுந்துவிடும்.