ஒரே தளத்துக்கு நான்கு முகவரிகள்: வாசகர் கேள்விகளுக்கு விடைகள்

கேள்வி: தெற்கு மாசி வீதியில் சுங்குடிச் சேலைக் கடை நடத்துகிறேன். எங்கள் இணையதளம் மூன்று டபிள்யூ போட்டாலும் திறக்கிறது, போடாவிட்டாலும் திறக்கிறது. இதனால் ஏதும் பாதகம் உண்டா?

பதில்: வாடிக்கையாளருக்கு இல்லை; தேடுபொறியில் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலில் எந்தக் கோபுர வாசலில் நுழைந்தாலும் ஒரே கோயிலுக்குள்தான் போய்ச் சேருகிறோம். தேடுபொறியோ ஒவ்வொரு வாசலையும் முதலில் தனிக் கோயிலாகவே எண்ணுகிறது. முகவரியின் தொடக்கத்தில் வரும் ஹெச்டிடிபி, அதன் பாதுகாப்பான வடிவமான ஹெச்டிடிபிஎஸ் ஆகிய இரண்டும் மூன்று டபிள்யூ உள்ளதும் இல்லாததுமாகப் பெருகி நான்கு முகவரிகள் ஆகிவிடுகின்றன. பிற தளங்கள் உங்களுக்குத் தரும் இணைப்புகள் இவற்றுக்கிடையே சிதறுவதோடு, எது முதன்மையானது என்பதைக் கூகுள் தானே முடிவு செய்துகொள்கிறது. உங்கள் விசிட்டிங் கார்டில் அச்சிட்டதைத்தான் அது எடுத்துக்கொள்ளும் என்பதற்கு உறுதியில்லை.

ஹெச்டிடிபிஎஸ் முகவரி ஒன்றைத் தேர்ந்து, மற்ற மூன்றையும் 301 என்னும் நிரந்தரத் திருப்பல் (வருபவரைத் தானாகவே வேறு முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடு) மூலம் அதற்கே அனுப்புங்கள். மூன்று டபிள்யூ வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். அதனால் தரவரிசை மாறாது. 302 தற்காலிகத் திருப்பல் என்பதால் இதற்குப் பொருந்தாது. ஹெச்டிடிபிஎஸ் இயங்கத் தேவையான எஸ்எஸ்எல் சான்றிதழ், மூன்று டபிள்யூ உள்ளது, இல்லாதது என இரண்டு பெயர்களுக்கும் இருக்க வேண்டும், ஏனெனில் சான்றிதழ் இல்லாத பெயரில் ஹெச்டிடிபிஎஸ் வழியே வருபவரைத் திருப்பல் நடக்கும் முன்பே பிரவுசர் எச்சரித்து நிறுத்திவிடும். பலரும் கோட்டைவிடும் இடம் இதுவே.

வேலை முடிந்தபின் முகப்பை மட்டும் சோதித்து நிறைவடையாதீர்கள். ஏதேனும் ஒரு சேலையின் பக்கத்தை நான்கு விதமாகவும் கையால் தட்டச்சு செய்து பாருங்கள். நான்கு முறையும் அதே சேலையின் பக்கம் ஒரே முகவரியில், இடையில் ஒரு திருப்பலுக்கு மேல் இல்லாமல் வந்து நிற்க வேண்டும்.

கேள்வி: திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். திருப்பலுக்குப் பதிலாக, எது முதன்மை முகவரி என்று பக்கத்தின் நிரலில் குறிக்கும் கெனானிக்கல் குறிச்சொல் போதாதா?

பதில்: 2009-இல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட அந்தக் குறிச்சொல் ஒரு பரிந்துரைதான், தேடுபொறி அதை ஏற்காமலும் போகலாம். விளம்பர இணைப்பின் வால் (கேள்விக்குறிக்குப் பின் வரும் எழுத்துகள்) ஒட்டிய முகவரிகள், நிறவாரியாக வடிகட்டிய பட்டியல்கள் போல, திறந்திருக்க வேண்டிய பக்கங்களுக்கு அதைப் பயன்படுத்துங்கள். திறந்திருக்கத் தேவையில்லாத முகவரிக்குத் திருப்பலே சரி. தேடுபொறி எவற்றைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் இரட்டைப் பக்கங்களைத் தடுப்பது தவறு. தடுத்தால் திருப்பலையும் குறிச்சொல்லையும் கூகுளால் படிக்கவே முடியாது.

கேள்வி: முகவரியின் கடைசியில் சாய்கோடு இருப்பதும் இல்லாததும் ஒன்றுதானா? (உசிலம்பட்டி வாசகர்)

பதில்: முகப்புக்கு ஒன்றுதான். உள்பக்கங்களுக்கு அவை வெவ்வேறு முகவரிகள். ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தங்கும் விடுதிக்குப் புதிய டொமைன் வாங்கி, பழைய பக்கங்கள் அனைத்தையும் புதிய முகப்புக்கே திருப்பினோம். பழைய அறைப் பக்கங்கள் தேடலில் மறைந்துவிட்டன. (திருப்பரங்குன்றம் வாசகர்)

பதில்: தொடர்பில்லாத பக்கத்துக்கு அனுப்பும் திருப்பலை, பக்கமே இல்லாததற்கு ஈடாகக் கூகுள் கருதுவதுண்டு. பழைய அறைப் பக்கத்தைப் புதிய அறைப் பக்கத்துக்கு என ஒவ்வொன்றாக இணைத்துத் திருப்புங்கள். உழைப்பு கேட்கும் வேலைதான், இதற்குக் குறுக்குவழி இல்லை. குறைந்தது ஓராண்டாவது திருப்பலை வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். பழைய முகவரி அச்சிட்ட அட்டைகள் விருந்தினர் கையில் இருக்கும்வரை பழைய டொமைனையும் புதுப்பித்துக்கொண்டே வாருங்கள்.