கயிற்றில் யார் கை இருக்கிறது?

அன்புள்ள அண்ணா,

தக்கலைப் பக்கம் எங்கள் ஊர்க் குளம் முழுக்க ஆகாயத்தாமரை. அதை வாரி எடுக்கலாம் என்று ஏழு பேர் சேர்ந்தோம். வாட்ஸ்அப்பில் எதைப் போட்டாலும் ஏழு கட்டைவிரல் விழுகிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் குளத்தங்கரையில் நிற்பது நானும் இன்னொருவரும்தான். போன வாரம் அரிவாள் யார் கொண்டுவருவது என்பதிலேயே சண்டை வந்துவிட்டது. இன்னும் எட்டுப் பேரைச் சேர்த்து, தலைவர், செயலாளர் என்று போட்டால் சரியாகுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஆள் சேர்க்க வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏழு பேருக்குள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள 21 ஜோடி உண்டு. பதினைந்து பேர் ஆனால் அது 105. ஆள் இரண்டு மடங்குதான் கூடியிருக்கிறது, 'அவன் சொல்லியிருப்பான்' என்று நினைத்துச் சும்மா இருந்துவிட ஐந்து மடங்கு இடம் கிடைத்துவிட்டது. நான் பட்டது இது. சில வருடங்களுக்கு முன் நாகர்கோவிலில் பதினோரு பேர் சேர்ந்து ஒரு புத்தகக் கூட்டம் நடத்தினோம். நோட்டீஸ் அடித்தாயிற்று, வடைக்குச் சொல்லியாயிற்று, பேச வந்தவரைக் கூட்டிவர வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தராக இரண்டு பேர் போனார்கள். மண்டபத்துச் சாவிக்கு மட்டும் யாருமே சொல்லவில்லை. ஐப்பசி மழையில், பூட்டின கதவுக்கு முன்னால் அந்த மனுஷர் குடையோடு நின்றார். பதினோரு பேரில் ஒருத்தர்கூட சோம்பேறி கிடையாது, அதனால் யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை.

கரமடி இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வள்ளத்தில் போய் வலையை வளைத்து விட்டுவிட்டு வருவார்கள், அப்புறம் இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இரண்டு கூட்டமாக இழுக்க வேண்டும். வலை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்து நகர்ந்து வரும். ஒரு பக்கம் வேகமாக இழுத்தால் வலை கோணிக்கொள்ளும், மீன் போய்விடும். சின்ன வயதில் ராஜாக்கமங்கலம் பக்கம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மூச்சுக்கு மூச்சு அம்பா பாடுவார்கள், அந்தப் பாட்டின் தாளத்துக்குத்தான் எல்லாக் கையும் ஒன்றாக விழும். பாட்டு நின்றால் கை ஆளுக்கொரு பக்கம் போய்விடும்.

இதே கயிறு இழுப்பதை அளந்து பார்த்த ஒருவர் உண்டு, ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர். 1913-ல் அவர் வெளியிட்ட கணக்குப்படி எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருவரும் போடும் பலம், தனியாக இழுத்தால் போடுவதில் ஏறக்குறைய பாதிதான். கை ஒன்றாக விழாததும் ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை. 1974-ல் அமெரிக்காவில் சிலர் இதையே இன்னொரு விதமாகச் செய்தார்கள். கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்து ஒருவரைத் தனியாக இழுக்கச் சொன்னார்கள். பின்னால் ஒருத்தரும் இழுக்கவில்லை, ஆனாலும் அவர் பலத்தைக் குறைத்தார். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் ஏழு பேரும் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பவர்கள்தான், தம்பி. ஆறு கட்டைவிரல் விழுந்ததைப் பார்த்ததும் ஏழாவது ஆள் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார்.

அதனால் 'எல்லாரும் வாங்க' என்று போடாதீர்கள். ஆளாளுக்கு போன் போட்டு, பெயர் சொல்லி, ஒரு வேலை. அரிவாள் இன்னார், வாரிப் போட்டதை எங்கே கொட்டுவது என்று பார்த்து வைப்பது இன்னார். (கரையோரமாகவே குவித்துவிடாதீர்கள், அடுத்த மழைக்குத் திரும்பக் குளத்துக்குள்ளேயே போய்விடும், அது துண்டாகக் கிடந்தாலும் தளிர்க்கிற ஜாதி.) இன்னொன்று, வர முடியாதவர் 'முடியாது' என்று சொல்ல இடம் கொடுங்கள். நம் ஊரில் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல யாருக்கும் வாய் வராது, 'பாப்பம் மக்கா' என்பார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் முந்திக்கொண்டு 'இந்த வாரம் வேண்டாமா?' என்று கேட்டுவிடுங்கள், கோபப்படாமல்.

தலைவர் விஷயம். 1951-ல் லெவிட் என்பவர் ஐந்தைந்து பேராக உட்காரவைத்துப் பார்த்த ஒரு சோதனை உண்டு. எல்லாப் பேச்சும் நடுவில் இருக்கும் ஒருவர் வழியாகப் போன குழு வேகமாக வேலையை முடித்தது, தப்பும் குறைவு. ஆனால் நடுவில் இருந்தவரைத் தவிர மற்றவர்களுக்கு அது பிடிக்கவில்லை. வட்டமாகப் பேசியவர்கள் மெதுவாகத்தான் போனார்கள், சந்தோஷமாக இருந்தார்கள். சம்பளம் வாங்காமல் சேற்றில் இறங்குகிறவருக்கு சந்தோஷமும் இல்லையென்றால் அவர் எதற்கு வரவேண்டும்? தலைவர் வேண்டாம். பஞ்சாயத்தில் பேச, ஜேசிபிக்குச் சொல்ல மட்டும் ஒரே ஆள் இருக்கட்டும், அதுவும் மாசத்துக்கு ஒருத்தர்.

அரிவாளுக்கு யார் என்று இன்று ராத்திரியே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதுங்கள், மூன்று பேர் என்றாலும் எழுதுங்கள்.