ஏழு வாரமாகியும் அழுகை நிற்கவில்லை என்று கேட்ட சகோதரிக்கு

குழந்தை பிறந்து ஏழு வாரமாகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது, குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை, நான் மட்டும்தான் இப்படியா என்று கேட்டிருந்தீர்கள். நிச்சயமாக இல்லை. பிரசவித்த பெண்களில் சுமார் 7 பேரில் ஒருவருக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு வருகிறது. முதல் சில நாட்களில் வரும் அழுகை வேறு. அது பெரும்பாலான தாய்மார்களுக்கு வரும், 2 வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். உங்களுடையது அதைத் தாண்டிவிட்டது. அதனால்தான் "எல்லாம் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

காரணம் ஒன்றல்ல. கர்ப்பத்தில் உச்சத்தில் இருந்த ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் இரண்டும் பிரசவமானதும் மடமடவென்று இறங்கிவிடும். அதன்மேல் தூக்கமின்மை, கடினமான பிரசவம், முன்பே இருந்த மனச்சோர்வு, குழந்தையைக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொள்ள ஆள் இல்லாதது. தைராய்டு கோளாறும் சிலருக்கு இதே மாதிரி காட்டும், அதற்கான ரத்தப் பரிசோதனையை நீங்களே கேளுங்கள். இதில் எதுவுமே உங்கள் தவறு இல்லை.

எனக்கும் வந்தது. ஒரு ராத்திரி பால் குடித்து முடித்துப் பிள்ளை தோளிலேயே தூங்கிவிட்டான். அவனைக் கிடத்தக்கூடத் தோன்றாமல் விடியும்வரை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மருத்துவரிடம் அதை அப்படியே சொன்னேன். ஆலோசனை, மருந்து இரண்டும் சேர்ந்து சில மாதங்களில் என்னை மீட்டன. தாய்ப்பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு, அந்தப் பயம் வேண்டாம்.

இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினால் அந்த நிமிடமே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அவசர சிகிச்சைக்குக் கிளம்பிவிடுங்கள்.