ராத்திரியில் இறங்கி, ஸ்டார்ட் செய்ததும் எழும் கார்: விற்ற டீலர் பொறுப்பா?

கேள்வி: எட்டு வருடம் ஓடிய சொகுசு செடான் ஒன்றை, பழைய கார் விற்கும் டீலரிடம் சொந்த உபயோகத்துக்கு வாங்கினேன். ‘ஏர் சஸ்பென்ஷன் வசதி, எல்லாம் சோதிக்கப்பட்டது, செலவே இல்லை’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். (ஏர் சஸ்பென்ஷன் என்றால், இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் காரைத் தாங்கும் அமைப்பு.) மூன்றாவது வாரம் ஒரு காலையில் பார்த்தால், முன்பக்க இடது மூலை டயர் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஸ்டார்ட் செய்ததும் எழுந்துகொண்டது. இப்போது தினமும் அப்படித்தான். ஏர் ஸ்பிரிங்கில் கசிவு, அதற்குக் காற்றடைக்கும் கம்ப்ரஸரும் போகப்போகிறது என்கிறது கம்பெனி சர்வீஸ் சென்டர். டீலரைக் கேட்டால், “‘உள்ளது உள்ளபடி’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், எங்கள் வாரன்டி இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும்தான்” என்கிறார். வெளி மெக்கானிக் ஒருவர், ஏர் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு காயில் ஸ்பிரிங் (சாதாரண இரும்புச் சுருள்) மாட்டிவிட்டால் பாதிச் செலவில் முடியும் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், அந்த மெக்கானிக்கிடம் இன்னும் சாவியைக் கொடுக்காதீர்கள். வழக்கு என்று வந்தால் உங்களுக்காகப் பேசப்போகும் முக்கியமான சாட்சி, இப்போது அந்த இடது சக்கரத்துக்கு மேலேதான் இருக்கிறது. பழைய பாகத்தைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு, கையில் பில்லோடு மட்டும் வக்கீலைத் தேடி வருபவர்கள் நிறையப் பேர்.

இந்தப் பிரச்சினை ஒரே கேள்வியில்தான் நிற்கும்: கார் உங்கள் கைக்கு வந்த நாளிலேயே அந்தக் கசிவு இருந்ததா? எட்டு வருடப் பழைய காரின் எந்தப் பாகமும் கெடவே கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஏர் ஸ்பிரிங் என்பது காற்று அடைத்த ரப்பர் பை. வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் அதன் மடிப்பு மடங்கி விரிகிறது. வெயில், தூசி, வயது எல்லாம் சேர்ந்து அந்த மடிப்பில் வெடிப்பு விடும். “கொடுக்கும்போது நன்றாக இருந்தது, ரப்பர்தானே, அப்புறம் போயிருக்கும்” என்றுதான் டீலர் பதில் போடுவார். அதை உடைக்கும் பொறுப்பு, புகார் கொடுக்கும் உங்களுடையது.

நல்ல வேளையாக, இந்த வகைக் கார்கள் தங்களைப் பற்றித் தாங்களே குறிப்பு எழுதி வைத்துக்கொள்பவை. ஒவ்வொரு மூலையிலும் உயரத்தை அளக்கும் சென்சார் உண்டு. வண்டி வேண்டிய உயரத்துக்கு வராவிட்டாலோ, கம்ப்ரஸர் அளவுக்கு மீறி ஓடினாலோ சஸ்பென்ஷனை இயக்கும் கணினியான கன்ட்ரோல் யூனிட் அதை ஒரு கோளாறுக் குறியீடாகப் பதிந்துகொள்ளும். பல மாடல்களில் கோளாறு தோன்றியபோது ஓடோமீட்டர் காட்டிய கிலோமீட்டரும் சேர்ந்தே பதிவாகும். டெலிவரி நோட்டில் உள்ள கிலோமீட்டரைவிட அது குறைவாக இருந்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்தது. ஆகவே, இந்தக் குறியீடுகளை அழிப்பதற்கு முன்னால் முழு ஸ்கேன் ரிப்போர்ட்டையும் அச்செடுத்து, சர்வீஸ் சென்டரின் முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். வரும் கார்களின் கோளாறுக் குறியீடுகளை அழித்துவிட்டு வேலையைத் தொடங்குவது அங்கே பழக்கமாக நடக்கும் ஒன்று. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ஆனால் நஷ்டம் உங்களுக்கு.

அடுத்தது கம்ப்ரஸர். கசிவே இல்லாத காரில் அது அவ்வப்போது சிறிது நேரம்தான் ஓடும். பையில் ஓட்டை இருந்தால், போகும் காற்றை ஈடுகட்ட ஓயாமல் ஓடிச் சூடாகித் தேயும். அந்தத் தேய்மானம் பெரும்பாலும் மெதுவாக வருவது. கம்ப்ரஸர் இப்போதே தளர்ந்திருக்கிறது என்றால், கசிவுக்கு எவ்வளவு வயது இருக்கும் என்பதை ஒரு பொறியாளரிடமிருந்து எழுத்தில் பெறுங்கள். மடிப்பில் உள்ள வெடிப்பையும், சோப்புத் தண்ணீர் அடித்தால் வரும் குமிழியையும் வீடியோ எடுத்து வையுங்கள். செல்போன் பதிவைச் சாட்சியமாகத் தர, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 2023-இன் பிரிவு 63-படி சான்றிதழ் இணைப்பது நல்லது. அசல் போனையும் மாற்றிவிடாதீர்கள்.

இன்னொன்று பழைய சர்வீஸ் வரலாறு. முந்தைய உரிமையாளரிடம் ‘முன்பக்க ஏர் ஸ்பிரிங் மாற்ற வேண்டும்’ என்று சர்வீஸ் சென்டர் சொல்லி, அவர் வேண்டாம் என்றிருந்தால் அது ஜாப் கார்டில், அதாவது சர்வீஸ் வேலைக் குறிப்பில், இருக்கக்கூடும். அங்கே கேட்டுப் பாருங்கள். கொடுக்க மறுத்தால் கவலையில்லை, ஆவணங்களைத் தாக்கல் செய்ய உத்தரவிடும் அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு.

சரி, கையெழுத்துக்கு வருவோம். ‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகத்தை டீலர்கள் ஒரு கவசம் மாதிரி தூக்கிப் பிடிப்பார்கள். அதற்கு ஓரளவு மதிப்பு இருக்கிறது, மறுக்க முடியாது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16-இல், விற்பனைக்கு வரும் பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சொல்லாமலேயே ஒப்பந்தத்துக்குள் வைக்கிறது. ஆனால் பிரிவு 62, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் அதை விலக்கிக்கொள்ள இடம் தருகிறது. ஆகவே ‘பொதுவான தரம்’ என்ற வாதத்தை மட்டும் நம்பிப் போனால் நீங்கள் சறுக்கலாம். உங்கள் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ‘எல்லாம் சோதிக்கப்பட்டது’ என்று அவரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். சோதிக்காமல் சொல்லியிருந்தால் அது பொய்யான விளம்பரம். சோதித்து, கசிவு தெரிந்தும் சொல்லியிருந்தால் அது ஏமாற்று. பொருளின் தரத்தைப் பற்றித் தவறாகச் சொல்லி விற்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 2(47)-இல் வரும் முறையற்ற வணிக நடைமுறை. அச்சடித்த ஒரு வரியால் அதைத் துடைத்துவிட முடியாது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸப் உரையாடல், அவர்கள் தந்த சோதனைப் பட்டியல் எல்லாவற்றையும் இன்றே எடுத்து வையுங்கள். விளம்பரங்கள் சீக்கிரம் காணாமல் போகும்.

“வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்த்தீர்களே” என்பது டீலரின் அடுத்த அம்பு. பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அந்த நிபந்தனை பொருந்தாது என்று பிரிவு 16-லேயே இருக்கிறது. இங்கேதான் ஏர் சஸ்பென்ஷன் மற்றக் குறைகளிலிருந்து வேறுபடுகிறது. சிறிய கசிவு உள்ள கார், இன்ஜின் ஓடும்போது கம்ப்ரஸர் காற்றடைத்துத் தூக்கிவிடுவதால் ஒழுங்காகவே நிற்கும், ஒழுங்காகவே ஓடும். நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைத்தாலே போதும். ராத்திரி முழுக்க நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் பார்த்தால்தான் தெரியும் குறை இது. அரைமணி நேர ஓட்டத்தில் ஒரு வாடிக்கையாளர் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று சொல்வது நிற்காது. தொழிலாகவே கார் விற்பவர் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று சொல்வதோ நன்றாகவே நிற்கும், ஏனென்றால் கார் பல ராத்திரி நின்றது அவருடைய யார்டில்.

யார் மீது போடுவது? பணம் வாங்கி ரசீது கொடுத்தவர் மீது. “நான் வெறும் பார்க் அண்ட் சேல்தான், ஓனரைக் கேளுங்கள்” என்று, அதாவது ஓனரின் காரை நிறுத்தி வைத்து விற்றுக் கொடுத்ததோடு சரி என்று, டீலர் சொல்லக்கூடும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் டீலர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும். வண்டி தன்னிடம் வந்ததற்கான அறிவிப்பு பதிவானதும் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று டீலருக்கு அனுப்பும் நோட்டீஸிலேயே கேளுங்கள். தயாரிப்பு நிறுவனத்தை இழுக்க வேண்டாம், வயதால் தேய்ந்த ரப்பருக்கு அவர்கள் பொறுப்பில்லை. இன்ஷூரன்ஸையும் நம்ப வேண்டாம், வழக்கமான மோட்டார் பாலிசிகள் இயந்திரக் கோளாறை விலக்கியே வைத்திருக்கின்றன.

விரைவு அஞ்சலில் நோட்டீஸ் அனுப்பி, பாகத்தைப் பார்வையிட டீலருக்கு ஒரு தேதி கொடுங்கள். வராவிட்டால் அதுவும் உங்களுக்குச் சாதகம். பதில் சரியில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கேயே முடியும், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். டீலர் வேறு ஊர் என்றாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். காலக்கெடு 2 ஆண்டு. கார் உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருந்தால், ‘வணிக நோக்கம்’ என்று ஆட்சேபிப்பார்கள். இயக்குநரின் சொந்த உபயோகத்துக்காக நிறுவனம் வாங்கிய காரை அப்படித் தள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் சொல்லிவிட்டது. முழு விலையும் திரும்பக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு மட்டும் போகாதீர்கள். பழைய காரில் ஒரு பாகக் கோளாறுக்கு எதிர்பார்க்கத்தக்கது பழுதுச் செலவும், மன உளைச்சலுக்கான இழப்பீடும், வழக்குச் செலவும்தான்.

இனி உங்கள் பக்கத்துக் கடமை. கசிவு தெரிந்த பிறகும் தினமும் ஓட்டிக்கொண்டே இருந்தால் கம்ப்ரஸர் எரியும், அப்போது அந்தச் செலவை டீலர் உங்கள் தலையில் கட்டுவார். நஷ்டத்தைக் குறைக்க உங்களுக்கு இருந்த வழிகளையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது ஒப்பந்தச் சட்டம், பிரிவு 73. வண்டி தாழ்ந்து நிற்கும்போது ஓட்டாதீர்கள். டோ செய்வதானால் சக்கரங்களைத் தூக்கி இழுக்காமல் தட்டையான லாரியில் ஏற்றச் சொல்லுங்கள், ஜாக்கி வைப்பதற்கு முன் காரில் அதற்கென உள்ள மோடைப் போடச் சொல்லுங்கள். பராமரிப்புக் குறிப்பு ஒவ்வொன்றையும் வைத்திருங்கள். வழக்கு முடியும் வரை காத்திருக்க முடியாது என்றால், டீலருக்குக் கொடுத்த பார்வைத் தேதி கடந்தபின் ஏர் ஸ்பிரிங்கையே மாற்றிக்கொள்ளுங்கள். பழையதை எண் தெரியப் படம் எடுத்து, உறையிலிட்டு, வாங்கி வையுங்கள்.

காயில் ஸ்பிரிங்? மாற்றினால் கார் ஓடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ‘ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார்’ என்று வாங்கியதற்காக இழப்பீடு கேட்கும் நீங்கள், அதைக் கழற்றி எறிந்துவிட்டு நிற்கும்போது எதிர்தரப்பு வக்கீலுக்கு வேலை சுலபம். அப்புறம், எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்க இந்த மாற்றங்களில் கன்ட்ரோல் யூனிட்டையும் ஏமாற்றி வைப்பார்கள். நாளை அதே காரை நீங்கள் சொல்லாமல் விற்றால், இன்று டீலர் மீது நீங்கள் வைக்கும் அதே குற்றச்சாட்டு உங்கள் பெயருக்கு நோட்டீஸாக வரும். மாற்றத்தான் வேண்டும் என்றால் வழக்கு முடிந்த பிறகு மாற்றுங்கள், விற்கும்போது அதை எழுத்தில் கொடுத்து விற்றுவிடுங்கள்.