மாசு கட்டுப்பாட்டு வாரிய உறுப்பினருக்கு என்னதான் அதிகாரம்?

கேள்வி: நான் ஒரு நகராட்சியின் வார்டு உறுப்பினர். மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் உள்ளாட்சிப் பிரதிநிதியாக என்னை அரசு நியமித்திருக்கிறது. இரண்டு கூட்டங்களுக்குப் போய் வந்துவிட்டேன். முதல் நாள் மாலைதான் கனமான கோப்பு கைக்கு வருகிறது. அதிலும் பாதிப் பொருள்கள் ஏற்கெனவே முடிந்துபோனவை, பின்னேற்புக்காக வைக்கிறார்கள். இங்கே வார்டு மக்களோ சாயத்தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து, "நீங்கள்தானே வாரியம், பட்டறையை மூடுங்கள்" என்கிறார்கள். உண்மையில் எனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? (என் அண்ணன் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு இயந்திரம் செய்து விற்கிறார். அந்த நிறுவனத்தில் பெயரளவுக்கு நானும் பங்குதாரர். அதனால் ஏதும் சிக்கல் வருமா?)

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, அதை முதலில் பார்ப்போம். மற்றவை ஒரு வாரம் காத்திருக்கலாம், அது காத்திருக்காது.

நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1974-இன் 6-ஆவது பிரிவு, யாரெல்லாம் உறுப்பினராக இருக்கக்கூடாது என்று பட்டியலிடுகிறது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இயந்திரங்களையும் கருவிகளையும் செய்கிற, விற்கிற, வாடகைக்கு விடுகிற நிறுவனத்தில் நேரடியாகவோ மறைமுகமாகவோ பங்கு உள்ளவர் அந்தப் பட்டியலில் வருகிறார். 'பெயரளவுக்கு' என்ற சமாதானத்துக்கு அங்கே இடமில்லை. விளக்கம் சொல்ல வாய்ப்புத் தந்துவிட்டு அரசு உங்களை நீக்கலாம். அப்படி நீக்கப்பட்டவரை மறுபடி நியமிக்கவும் முடியாது. எனவே ஒன்று, பங்காண்மையிலிருந்து முறையான பத்திரத்தோடு விலகுங்கள். அல்லது வாரியப் பதவியை விடுங்கள். நியமனத்தின்போதே பங்கு இருந்ததால், எதைச் செய்தாலும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு, நீங்களாகவே அரசுக்கு எழுதித் தெரிவித்துவிடுவது நல்லது. பிறர் கண்டுபிடித்துச் சொன்னால் கதை வேறு. விலகிய பிறகும் அண்ணனின் நிறுவனம் தொடர்பான பொருள் வந்தால் அறையைவிட்டு எழுந்து போங்கள். போனதைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சுத்திகரிப்பு இயந்திரம் செய்பவருக்குத் தடை. ஆனால் சாயப்பட்டறை முதலாளி தொழில்துறைப் பிரதிநிதியாக அதே மேசையில் தாராளமாக உட்காரலாம். ஒப்பந்தத்தில் கை வைப்பவரைக் கண்டு சட்டம் பயந்திருக்கிறது. கழிவை விடுபவரோடு பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நம்பியிருக்கிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இனி நாற்காலிகளை எண்ணுவோம். 4-ஆவது பிரிவின்படி ஒரு தலைவர், அரசு அதிகாரிகள் 5 பேர் வரை, உள்ளாட்சி உறுப்பினர்கள் 5 பேர் வரை, வேளாண்மை, மீன்வளம், தொழில், வணிகம் போன்றவற்றின் சார்பில் அலுவல் சாராதவர்கள் 3 பேர் வரை, அரசு நிறுவனங்களிலிருந்து 2 பேர், முழுநேர உறுப்பினர் செயலர் ஒருவர். எல்லா இடமும் நிரம்பினால் 17. அதில் தலைவர், செயலர், அதிகாரிகள், அரசு நிறுவனத்தார் என்று கூட்டினால் 9 வருகிறது. கை தூக்கி வெல்லும் இடம் அல்ல இது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். போதாததற்கு, எழுத்து மூலம் மாநில அரசோ மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியமோ தரும் உத்தரவுக்கு வாரியம் கட்டுப்பட்டது என்கிறது 18-ஆவது பிரிவு.

தலைவர் யார் என்ற சண்டை தனிக்கதை. தகுதியற்றவர்கள் நியமிக்கப்படுகிறார்கள் என்று உத்தராகண்டிலிருந்து போன வழக்கில் 2016-இல், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கடுமையாகத் தீர்ப்பளித்தது. 2017-இல் உச்ச நீதிமன்றம், அது தீர்ப்பாயத்தின் எல்லைக்குள் வராது என்று ரத்து செய்தது. ஆனால் நியமன நெறிமுறைகளை 6 மாதத்துக்குள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 2024-இல் வந்த திருத்தம், அதை ஏற்றுக்கொண்ட மாநிலங்களில் தலைவர் நியமன முறையை வகுக்கும் பொறுப்பை மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. உங்கள் அன்றாடத்துக்கு இது அவ்வளவு முக்கியமில்லை.

முக்கியமானது, உங்களைச் சலிப்படையச் செய்த அந்தப் 'பின்னேற்பு'. இசைவாணை (ஆலை இயங்கவும் கழிவுநீரை வெளியே விடவும் தரும் அனுமதி) கொடுப்பது, மறுப்பது, 33ஏ பிரிவின்கீழ் ஆலையை மூடச் சொல்வது, மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கச் சொல்வது ஆகிய அதிகாரங்கள் எல்லாம் சட்டத்தில் வாரியத்துக்குத்தான் தரப்பட்டிருக்கின்றன. தலைவரின் சொந்த அதிகாரமோ மாவட்டப் பொறியாளரின் சொந்த அதிகாரமோ அல்ல. 3 மாதத்துக்கு ஒருமுறை கூடும் வாரியத்தால் ஆயிரக்கணக்கான கோப்புகளைப் பார்க்க முடியாது. ஆகவே தீர்மானம் போட்டுத் தலைவருக்கும் அலுவலர்களுக்கும் அதிகாரத்தை ஒப்படைக்கிறது. 11ஏ, 12 ஆகிய பிரிவுகள் அதற்கு வழி செய்கின்றன. அலுவலர்களுக்கு ஒப்படைக்கும்போது நிபந்தனையும் வரம்பும் விதிக்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. பெரும்பாலான உறுப்பினர்கள் மூன்று ஆண்டுப் பதவிக்காலம் முடியும்வரை இந்த ஒப்படைப்பு ஆணையைக் கண்ணால் பார்ப்பதே இல்லை.

நீங்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். எந்த வகைத் தொழிற்சாலைக்கு யார் இசைவாணை தருகிறார்? மூடிய ஆலையைத் திறக்க அனுமதிப்பவர் யார், எந்த ஆய்வறிக்கையின் பேரில்? மூடும் உத்தரவுக்கு எல்லோரும் கைதட்டுவார்கள். மூன்றே வாரத்தில் சத்தமில்லாமல் திறக்கும் உத்தரவு வந்தால் அதைக் கவனிக்க யாரும் இருப்பதில்லை. அதனால் முதல் தீர்மானமாக இதைக் கொண்டுவரச் சொல்வேன்: மூடப்பட்ட எந்த ஆலையையும் மீண்டும் திறக்க அனுமதித்தால், அதற்கு ஆதாரமான மாதிரிப் பரிசோதனை முடிவோடு அடுத்த கூட்டத்தில் பட்டியல் வைக்க வேண்டும். இதை எதிர்த்துப் பேசுவது யாருக்கும் கடினம். தனிக்கோப்பில் தலையிடுகிறீர்கள் என்றும் சொல்ல முடியாது.

கோப்பு முதல் நாள் மாலை வருவதற்கும் மருந்து உண்டு. கூட்ட அறிவிப்பு எத்தனை நாள் முன்னதாக வர வேண்டும் என்பதை உங்கள் மாநில விதிகள் சொல்லும். அந்த விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உறுப்பினர் செயலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். கூட்டத்தில் உடன்பாடு இல்லையென்றால் சும்மா இருந்துவிட்டு வெளியே வந்து புலம்பக்கூடாது. மாறுபட்ட கருத்தை இரண்டு வரியில் எழுதிக் கொடுத்து, குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் முந்தைய குறிப்பை உறுதிசெய்யும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள். என் அனுபவத்தில், இந்த ஒரு பழக்கம் உள்ள உறுப்பினருக்கு அடுத்த முறை கோப்பு முன்னதாகவே வந்துவிடுகிறது!

வரவு செலவுத் திட்டமும் ஆண்டறிக்கையும் வரும் கூட்டங்களைத் தவறவிடாதீர்கள். எத்தனை பொறியாளர், விஞ்ஞானி இடங்கள் காலி, ஆய்வகம் ஆண்டுக்கு எத்தனை மாதிரிகளைப் பார்க்கிறது என்று அங்கே கேட்கலாம். ஆண்டறிக்கை நிதியாண்டு முடிந்த 4 மாதத்துக்குள் அரசுக்குப் போக வேண்டும், 9 மாதத்துக்குள் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். போனதா என்று கேட்பதும் உங்கள் வேலைதான். தக்க காரணமின்றித் தொடர்ந்து 3 கூட்டங்களுக்கு வராவிட்டால் இடம் காலியானதாகக் கருதப்படும். நகராட்சி உறுப்பினர் பதவி போனாலும் இதுவும் கூடவே போய்விடும்.

இனி அந்தப் பாட்டில். உறுப்பினர் என்ற முறையில் நீங்கள் தனியாகப் பட்டறைக்குள் நுழைய முடியாது. நுழைந்து சோதிக்க வாரியம் அதிகாரம் கொடுத்தவருக்குத்தான் அந்த உரிமை. பாட்டில் தண்ணீரும் நீதிமன்றத்தில் நிற்காது. 21-ஆவது பிரிவு, மாதிரி எடுக்கும்போது ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அவர் கேட்டால் இரண்டாகப் பிரிக்க வேண்டும், முத்திரையிட வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. அது மீறப்பட்டால் முடிவு சாட்சியமாகாது. "மூடியே தீருவேன்" என்று பத்திரிகைக்குப் பேட்டியும் கொடுத்துவிடாதீர்கள். நாளை உண்மையிலேயே மூடும் உத்தரவு வந்தால், பசுமைத் தீர்ப்பாயத்தில் முன்முடிவோடு செயல்பட்டார்கள் என்று வாதாட அந்தப் பேட்டியே ஆலைக்காரருக்குக் கை கொடுக்கும்.

ஆனால் மக்களை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதில்லை. தண்ணீர் எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த ஓடையில், எந்த நிறத்தில் வந்தது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். இரவு இரண்டு மணிக்குத் திறந்துவிடும் பட்டறைக்குப் பகல் பதினொரு மணிக்கு ஆய்வுக்குப் போனால் என்ன கிடைக்கும்? அந்த நோட்டு இருந்தால் மாதிரி எடுக்க எப்போது வர வேண்டும் என்பது மாவட்ட அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும். அதை உங்கள் கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள். கூடவே, 25-ஆவது பிரிவின்படி வாரியம் வைத்திருக்கும் இசைவாணைப் பதிவேட்டைப் பாதிக்கப்பட்ட எவரும் அலுவலக நேரத்தில் பார்க்கலாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். பட்டறைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கழிவுநீர் அனுமதி, எங்கே விடலாம், ஆணை எப்போது காலாவதி என்பதெல்லாம் அதில் தெரியும். இரண்டு பேர் போய் அதைக் குறித்துக்கொண்டு வரட்டும்.