ஏழை நாடுகளின் கடன் ரத்து: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

உலக வங்கி, ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்), பணக்கார நாடுகள், தனியார் முதலீட்டாளர்கள் ஆகியோருக்கு ஏழை நாடுகள் கட்ட வேண்டிய கடனை ரத்து செய்யச் சொல்லும் இயக்கம் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, கோவை): வாங்கின கடனைத் திருப்பிக் கொடுப்பதுதானே முறை? ரத்து கேட்பதில் என்ன நியாயம் சார்?

பதில்: வாங்கியது யார், கட்டுவது யார் என்று முதலில் பாருங்கள். பிலிப்பைன்ஸில் சர்வாதிகாரி மார்கோஸ் காலத்தில் பத்தான் என்ற இடத்தில் ஒரு அணுமின் நிலையம் கட்டினார்கள். செலவு 200 கோடி டாலருக்கு மேல், பெரும்பகுதி கடன். ஊழல் புகார், நிலநடுக்க பயம், அப்புறம் செர்னோபில் விபத்து. கடைசிவரை அதைத் திறக்கவே இல்லை. ஒரு யூனிட் மின்சாரம்கூட வரவில்லை. மார்கோஸ் 1986-ல் நாட்டை விட்டு ஓடிவிட்டார். அந்தக் கடனை மக்கள் 2007 வரை கட்டினார்கள்.

எல்லாக் கடனும் இப்படி மோசடி இல்லை. 1970-களில் எண்ணெய் நாடுகளின் பணம் மேற்கத்திய வங்கிகளில் குவிந்தது. வங்கிகளே ஆள் தேடிப் போய், ஏறி இறங்கும் வட்டிக்குக் கடன் கொடுத்தன. 1979-க்குப் பிறகு அமெரிக்கா வட்டியைக் கிடுகிடுவென ஏற்ற, தாமிரம் போன்ற சரக்குகளின் விலையோ சரிந்தது. ஆப்பிரிக்காவிலுள்ள ஜாம்பியாவுக்கு ஏற்றுமதி என்றாலே தாமிரம்தான். அப்புறம் வட்டி குட்டி போட்டதில் ஆச்சரியம் என்ன? 'ரிஸ்க் இருக்கிறது' என்று சொல்லித்தான் கூடுதல் வட்டி வாங்குகிறார்கள். ரிஸ்க் நிஜமாகும்போது நஷ்டத்தில் மட்டும் பங்கு இல்லை என்றால், அது என்ன கணக்கு?

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி): சாதாரண ஜனங்கள் கேட்டு உலக வங்கி இறங்கி வந்தது என்பதை நம்ப முடியவில்லையே?

பதில்: வந்தது ஐயா. 'ஜூபிலி 2000' என்ற இயக்கம் பிரிட்டனில் தொடங்கியது. பைபிளில் லேவியராகமம் 25-ல் வரும் யூபிலி வருஷம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஐம்பதாம் ஆண்டில் அடிமை விடுதலையாக வேண்டும், விற்ற நிலம் உரியவனிடம் திரும்ப வேண்டும். அதிலிருந்து எடுத்த பெயர். 1998 மே 16 அன்று பர்மிங்காமில் எட்டு பெரிய நாடுகளின் தலைவர்கள் கூடும் ஜி-8 மாநாடு நடந்தபோது, சுமார் 70,000 பேர் கைகோத்து நகர மையத்தைச் சுற்றி மனிதச் சங்கிலி அமைத்தார்கள். தலைவர்கள் அன்றைக்கு ஊருக்கு வெளியே ஒரு மாளிகைக்குப் போயிருந்தார்கள். பிரதமர் டோனி பிளேர் திரும்பி வந்து இயக்கத்தாரைச் சந்திக்க வேண்டியதாயிற்று. ஐ.எம்.எஃப்.பும் உலக வங்கியும் மிக ஏழை நாடுகளுக்காக ஏற்கெனவே நடத்திவந்த கடன் நிவாரணத் திட்டத்தை, அடுத்த ஆண்டு கொலோன் மாநாட்டில் விரிவாக்கினார்கள். முடியவே முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்த ஐ.எம்.எஃப்., தன் தங்கத்தில் ஒரு பகுதியின் மதிப்பை உயர்த்திக் கணக்குக் காட்டி அதற்குப் பணம் திரட்டியது. பாடகர் போனோதான் எல்லாம் செய்தார் என்று எழுதுகிறார்கள். சர்ச் ஹால்களிலும் தொழிற்சங்க அலுவலகங்களிலும் உட்கார்ந்து கையெழுத்து வாங்கியவர்களின் வேலை அது என்பேன்.

கேள்வி (ஐ.டி. ஊழியர், சென்னை): ரத்தான பணம் அங்குள்ள அமைச்சர்கள் பாக்கெட்டுக்குத்தானே போகும்?

பதில்: கையில் பணம் வராது, கட்ட வேண்டிய தவணை குறையும். அந்த மிச்சத்தில் திருட்டே நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தான்சானியா 2001-ல் தொடக்கப்பள்ளிக் கட்டணத்தை எடுத்ததும் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். ஜாம்பியா 2006-ல் கிராமப்புற மருத்துவமனைக் கட்டணத்தை எடுத்தது.

கேள்வி (அதே நண்பர்): நிபந்தனை இல்லாமலா ரத்து செய்தார்கள்?

பதில்: ஏகப்பட்ட நிபந்தனை. ஐ.எம்.எஃப். சொல்கிறபடி சில ஆண்டுகள் நடந்து காட்டினால்தான் ரத்து. 1996-ல் தொடங்கிய அந்த நிவாரணத் திட்டத்தில் சோமாலியா கடைசிப் படியைத் தாண்டியது 2023 டிசம்பரில்!

கேள்வி (வழக்கறிஞர், மதுரை): 'கழுகு நிதி' என்கிறார்களே, அது என்ன?

பதில்: கட்ட முடியாமல் நிற்கும் நாட்டின் கடனை மலிவாக வாங்கி, முழுத்தொகையும் கேட்டு வழக்குப் போடும் நிறுவனம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1979-ல் ஜாம்பியா ருமேனியாவிடம் டிராக்டர் முதலிய விவசாய இயந்திரங்களைக் கடனுக்கு வாங்கியது, சுமார் 1.5 கோடி டாலருக்கு. கட்ட முடியவில்லை. 1999-ல் டொனெகல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் அந்தக் கடனை ருமேனியாவிடமிருந்து சுமார் 33 லட்சம் டாலருக்கு வாங்கியது. பிறகு வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து 5.5 கோடி டாலர் கேட்டு லண்டனில் வழக்குப் போட்டது. நீதிபதி 2007-ல் நிறுவனத்தின் சாட்சிகளைக் கடுமையாக விமர்சித்தார். இருந்தும் சட்டப்படி சுமார் 1.55 கோடி டாலர் கொடுக்கச் சொன்னார். மற்றவர்கள் விட்டுக்கொடுத்ததால் மிஞ்சிய பணத்தை, விட்டுக்கொடுக்காதவர் அள்ளிக்கொண்டு போவது என்றால் இதுதான்.

இயக்கத்தார் விடவில்லை. 2010-ல் பிரிட்டன் ஒரு சட்டம் கொண்டுவந்தது: கடன் நிவாரணத் திட்டத்தில் உள்ள நாடுகளின் பழைய கடனுக்கு, அந்தத் திட்டப்படி கிடைக்க வேண்டிய தொகைக்கு மேல் பிரிட்டிஷ் நீதிமன்றங்களில் வசூலிக்க முடியாது. இவ்வளவு போராட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வெற்றி இதுதான்.

கேள்வி (வங்கி ஊழியர், திருச்சி): ரத்து செய்தால் திரும்பவும் கடன் வாங்கத்தானே செய்வார்கள்?

பதில்: வாங்கினார்கள். அதே ஜாம்பியா 2012-ல் 75 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. முதலீட்டாளர்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். 2014, 2015-லும் அப்படியே. தாமிரம் மறுபடி சரிந்தது, கொரோனா வந்தது. 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணை கட்டாமல் திவால் நிலைக்குப் போனது. அரசைத் திட்டுங்கள், தப்பில்லை. பழைய கடனை ரத்து செய்தவர்கள் புதுக்கடன் கொடுப்பதற்கு எந்த விதியும் எழுதாமல் போனதையும் சேர்த்துத் திட்டுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி): 2022-ல் எங்கட நாடு கடன் கட்ட முடியாமல் நின்றது. எங்களுக்கு ஏன் அப்படி ரத்து கிடைக்கவில்லை?

பதில்: ரத்துத் திட்டம் மிக ஏழை நாடுகளுக்கு மட்டும், அக்கா. இலங்கை நடுத்தர வருமான நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. 2020-ல் பெரிய பொருளாதார நாடுகளின் கூட்டமான ஜி-20 கடன் சீரமைப்புக்குக் கொண்டுவந்த பொதுத் திட்டத்திலும் அதனால் இடமில்லை. எனவே இந்தியா, ஜப்பான் முதலிய நாடுகளோடு ஒரு பேச்சு, சீனாவோடு தனிப் பேச்சு, கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருக்கும் பத்திரக்காரர்களோடு இன்னொரு பேச்சு. 2024 இறுதியில் பத்திரக்காரர்கள் அசலில் 27 சதவீதம் விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால் அதில் ஒரு பகுதியை அவர்கள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றும் ஷரத்து வைத்திருக்கிறார்கள். இதற்கிடையே ஹாமில்டன் ரிசர்வ் வங்கி என்ற ஒன்று, தன் கையிலுள்ள சுமார் 25 கோடி டாலர் பத்திரத்துக்கு முழுப்பணமும் கேட்டு நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது.

கேள்வி (பலர்): இப்போது இயக்கம் எதைக் கேட்கிறது?

பதில்: 1998-ல் கடன் கொடுத்தவர்கள் ஒரு மாநாட்டு மண்டபத்துக்குள் இருந்தார்கள், சுற்றிக் கைகோக்க முடிந்தது. இப்போது கடன் பத்திரங்கள் யார் யார் கையிலோ இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நியூயார்க் அல்லது லண்டன் சட்டத்துக்கு உட்பட்டவை. அதனால் போராட்டம் அந்த இரண்டு ஊர்களின் சட்டத்தைக் குறிவைக்கிறது. அரசுகள் எவ்வளவு விட்டுக்கொடுக்கின்றனவோ, அந்த அளவுக்குத் தனியாரும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்தில் இதற்கான மசோதாக்கள் சில ஆண்டுகளாகவே வந்து வந்து நிற்கின்றன. கடன் இயக்கச் செய்திகளில் எதைக் கவனிப்பது என்று கேட்டால், நான் அந்த மசோதாவைத்தான் சொல்வேன்.